கிரகணத்தன்று வாசலில் நின்ற வேணி

கிளியனூரில் வேணியின் முதல் குழந்தை பவானி, பிளந்த மேலுதட்டோடு பிறந்தாள். அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்தன்று வேணி பஸ்ஸுக்காக வெளியே நின்றிருந்தாள். ஊர் வாய்க்கு அது போதும். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆபரேஷனில் உதடு சேர்ந்தது; பழி மட்டும் போகவில்லை. சூரியனை விழுங்க வந்த கிரகணப் பாம்பு கடித்ததாம் என்று, தெருப் பிள்ளைகள் பவானியை ‘பாம்பு கடிச்சவ’ என்றார்கள்.

நாலு வருஷம் கழித்து வேணிக்கு மறுபடியும் ஏழு மாத வயிறு. மறுபடியும் சூரிய கிரகணம். மாமியார் ராஜாமணி முந்தின நாளே ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டாள்.

வேணி இயற்பியல் படித்தவள். திண்டிவனத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையில் மிஞ்சிய லென்ஸை நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையிலும், உடைந்த பைனாகுலரின் சின்ன லென்ஸை மறுமுனையிலும் பொருத்தி, தொலைநோக்கி ஒன்று செய்து வைத்திருந்தாள். கிரகணத்தன்று காலை அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

ராஜாமணி குறுக்கே வந்து நின்றாள். “உள்ள போ வேணி, ஜல்தி! ஒரு புள்ள பட்டது பத்தலியா? விஷக்கதிர் வருதுன்னு செல்போன்ல சொல்லிக்கினு கீறாங்க.”

“என்ன கதிருங்க அத்தை? கண்ணுக்குத் தெரியற வெளிச்சம், சூடா உறைக்கற அகச்சிவப்பு, தோலைக் கறுக்க வைக்கற புற ஊதா, எல்லாம் தினமும் வர்றதுதான். மல்லாட்டைக் கொல்லையில உச்சி வெயில்ல களை எடுத்தேனே, அப்போ யாரும் உள்ள போன்னு சொல்லலியே? இன்னிக்கு நிலா மறைக்குது. கொறச்சலாத்தான் வரும்.”

“இன்னிக்கு ஒரு நாள் அம்மா சொல்றதைக் கேளேன்” என்று கெஞ்சினான் கணவன் மணிமாறன்.

“ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைக் கைகாட்டினப்போ நீங்க வாயைத் தொறக்கல. இப்பவும் தொறக்காதீங்க. இந்தக் குழாயைப் புடிங்க.”

அவன் பிடித்தான்.

குழாய் வழியே நேராகச் சூரியனைப் பார்த்தால் பார்வையே போய்விடும். அதனால் வேணி சின்ன லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை அட்டையைக் காட்டினாள். அதில் பளிச்சென்று சூரியன் விழுந்தது, ஒரு பக்கம் கடித்த அப்பளம் மாதிரி.

“யாரும்மா கடிச்சது?” என்றாள் பவானி.

“யாரும் கடிக்கல. நிலா குறுக்கால வந்து நிக்குது.”

பவானி தன் உதட்டுத் தழும்பைத் தொட்டாள். “இதையும் யாரும் கடிக்கலியா?”

“யாரும் கடிக்கல கண்ணு” என்றாள் வேணி, தெருவுக்கே கேட்கும்படி.

இரண்டு மாதத்தில் பையன் பிறந்தான். உதட்டில் ஒரு குறையும் இல்லை. “மேல்மலையனூர் அம்மன்தான் காப்பாத்தினா” என்றாள் ராஜாமணி.

“கும்பிட்டுக்குங்க, வேணாங்கல. ஆனா இவன் உதடு பொளந்து பொறந்திருந்தாலும் கிரகணத்தால இல்லன்னுதான் நான் சொல்லியிருப்பேன். பவானி காதுல இனிமே அந்தப் பேச்சு விழக்கூடாதுங்க.”

ராஜாமணி அன்று மருமகளுக்குச் சோற்றுத் தட்டை ணங்கென்றுதான் வைத்தாள். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் அப்புறம் எடுக்கவில்லை.