வேலிக்கு வெளியே நின்ற ஸ்டெல்லா அக்கா

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் வெறுங்காலோடு ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை. பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையை ஒட்டிய கொடிக்கால் அது. காரைக்காலில் நான் வேலை பார்க்கும், ஜின் என்ற மது வடிக்கும் ஆலையிலிருந்து பேசினார்கள்.

"அக்கா காலையில எந்திரிக்கலப்பா. தூக்கத்துலேயே நெஞ்சு நின்னுடுச்சாம். பொறையாருக்கு வந்துடு."

அக்காவை அறிந்த உங்களில் பலர் அந்தச் செய்தியைக் கேட்டதும் அழுதிருப்பீர்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். ஞாயிற்றுக்கிழமை இனி யார் சொல்வது என்ற பயம்.

இரண்டு வரிசை தள்ளி வாழை நாரால் கொடி கட்டிக்கொண்டிருந்த மல்லிகா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்.

"யாருப்பா போன்ல? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"ஸ்டெல்லா அக்கா செத்துட்டாங்க."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த நாரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வர்றேன்னாங்களே. என்னமோ சொல்லணும்னாங்களே."

என்ன சொல்ல இருந்தார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய நிலைமையை உண்டாக்கியவனே நான்தான்.

ஸ்டெல்லா அக்காவை ஆலைக்கு வெளியே அறிந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். வேதியியல் படித்துவிட்டு, சென்னையில் வாசனைப் பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் இருந்தவர். காரைக்காலில் ஒரு சின்ன ஜின் ஆலை தொடங்குகிறார்கள் என்றதும் வீட்டில் யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தார். நாங்கள் மொத்தமே ஏழு பேர். ஒரு செம்புக் கொப்பரை, நாலு தொட்டி, பாட்டிலில் அடைக்கும் ஒரு மேசை. வடிப்பது அக்கா. அதில் போடும் காய், இலை, பட்டை எல்லாவற்றையும் தேடி வாங்கி வருவது நான்.

கொப்பரையிலிருந்து முதலில் சொட்டுவது குடிக்க ஆகாது. அதைப் பிரித்து ஒதுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை அக்கா மூக்கால் முடிவு செய்வார். விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மக்கில் துப்புவார். ஒரு சொட்டு விழுங்கி நான் பார்த்ததில்லை. ஒருமுறை சென்னையிலிருந்து முதலாளி சில விருந்தாளிகளோடு வந்தார். அன்று அக்கா வழக்கத்தைவிட அதிகமாக ஒதுக்கிவிட்டார் என்று அவருக்கு வருத்தம். "இவ்வளவு கீழ ஊத்துறீங்களே ஸ்டெல்லா" என்றார். அக்கா அந்த வாளியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். "நீங்க குடிக்கிறீங்களா சார்? நீங்க குடிச்சா நானும் சேர்த்துக்கறேன்." விருந்தாளிகள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

ஹாப்ஸ் யோசனை அக்காவுடையது. அது குளிர் நாட்டுக் கொடி. பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கூம்பாகப் பூக்கும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது அதுதான். அதை ஜின்னில் போட வேண்டும், அதுவும் இந்த மண்ணில் வளர்த்துப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாமே என்று முதலாளி கேட்டதற்கு, "டப்பாவுல வர்றதுல டப்பா வாசனைதான் சார் இருக்கும்" என்றார். இந்த வெயிலில் ஒரு கொடியை நிழல் கட்டி, ஈரம் காத்து, மேலே ஏற்றிவிடத் தெரிந்தவர்கள் யார்? கொடிக்கால்காரர்கள். என்னை அனுப்பினார்.

மல்லிகாவின் கொடிக்காலில் ஓரமாக நாலு வரிசை இடம் இருந்தது. அவர் இரண்டே நிபந்தனைதான் போட்டார்.

"செருப்போட உள்ள வரக் கூடாது. குடிச்ச வாயோட உள்ள வரக் கூடாது. நேத்து குடிச்சிருந்தாலும் கூடாது. என் வீட்டுக்காரர் வந்தாரு. அடுத்த மாசமே பாதிக் கொடி வாடிப்போச்சு. அதுக்கடுத்த வருசம் அவரும் போயிட்டாரு."

சொல்லிவிட்டுக் கேட்டார்: "இது எதுக்குப்பா?"

"மருந்துக் கம்பெனிக்குங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வாயில் வந்துவிட்டது. ஊர் ஊராகத் திறந்திருக்கும் மதுக்கடைகளைப் பற்றி, அங்கே வாசலில் விழுந்து கிடக்கும் கூலிக்காரர்களைப் பற்றி, அவர்கள் சாவில் யார் கொழுக்கிறார்கள் என்பதைப் பற்றி மேடையேறிப் பேசியவன் நான். அந்தச் சாவில் விதவையான ஒருவரிடம், அவர் மாதம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் வாங்க முடியாத ஒரு பாட்டிலுக்காக, அரை நொடியில் பொய் சொன்னேன். இன்னொன்றும் உண்டு. நான் குடிப்பவன். அன்று கொடிக்காலுக்குள் போனதும் முந்தின நாள் குடித்த வாயோடுதான்.

நாற்று நட்டு மூன்றாம் மாதம் அக்கா பார்க்க வந்தார். அகத்தி மரங்களுக்கு முன்னால் இருக்கும் வேலிப் படலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கக்கா. பாம்பெல்லாம் இல்ல" என்றார் மல்லிகா.

"இல்லம்மா. நான் இங்கேயே நிக்கிறேன்."

மல்லிகாவின் இரண்டு நிபந்தனைகளையும் நான் வரும் வழியில் வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். திரும்பும்போது வேனில் அக்கா கேட்டார்.

"அந்தம்மாகிட்ட இது எதுக்குன்னு சொன்ன?"

"மருந்துக் கம்பெனின்னு."

"எந்த வியாதிக்கு?"

வேன் மாயவரத்தைத் தாண்டியது. பிறகு சொன்னார்: "தினமும் நாக்குல வச்சுத் துப்புறவ நான். அது குடிச்ச வாயா, குடிக்காத வாயா? அந்தம்மாதான் சொல்லணும். நான் எப்படி முடிவு பண்றது? அவங்களுக்குத் தெரியாம நான் உள்ள கால் வைக்க மாட்டேன்."

அதன்பின் அவர் பல தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் படலுக்கு வெளியே. வெயில் ஏறும். மல்லிகா உள்ளேயிருந்து ஒரு கொடியை வளைத்துக் காட்டுவார். அக்கா எட்டிப் பார்த்து, கை நீட்டி ஓர் இலையைத் தொட்டு முகர்வார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ மல்லிகாவுக்குப் பொறுக்கவில்லை. தூரமான, அதாவது மாதவிலக்கில் இருக்கும், பெண்களும் கொடிக்காலுக்குள் வருவதில்லை என்பது அங்கே வழக்கம்.

"என்னக்கா, எப்ப வந்தாலும் தூரமா? மாசத்துக்கு மூணு தரமா வரும் உங்களுக்கு? போய் டாக்டரப் பாருங்க முதல்ல."

அக்கா படலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. மல்லிகாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் பயம். உரக்கடைக்காரர் போனில் தேடிப் பார்த்து இது என்ன கொடி என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டால்? அந்தக் கொடிக்கு மல்லிகா 'கூம்புக்கொடி' என்று பேர் வைத்திருந்தார். பகலை நீட்டிக் காட்ட அதற்காகப் போட்ட விளக்கை மாலையில் நேரம் தவறாமல் ஏற்றி அணைப்பார். வெற்றிலைக்குக் கட்டும் நாரைவிட மெல்லியதாகக் கிழித்து அதற்குக் கட்டுவார். அவர் அக்கறை கூடக் கூட எனக்குப் பயமும் கூடியது.

முதல் அறுப்பை வேனில் ஏற்றிக்கொண்டு போனபோது, காரைக்கால் எல்லைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். உலர்ந்த ஹாப்ஸ் பார்வைக்கும் வாசனைக்கும் எதைப் போல இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காவலர் சாக்கைப் பிரித்து முகர்ந்தார்.

"என்னய்யா இது, கஞ்சாவா?"

"இல்ல சார், மூலிகை. மருந்துக்கு."

"என்ன மூலிகை? பேரச் சொல்லு."

மல்லிகாவிடம் சொன்ன பொய் அங்கேயும் தானாகவே வாயில் வந்து நின்றது. அக்கா இறங்கி வந்தார்.

"அவன விடுங்க சார். இது பேரு ஹாப்ஸ். ஜின்ல போடறதுக்கு. காரைக்கால்ல எங்க ஆலை. இந்தாங்க லைசன்ஸ் நகல்."

"பொம்பள நீங்க சாராயம் காய்ச்சுறீங்களா?"

"ஆமா சார். சம்பளத்துக்கு."

அவர் தாளைப் படித்தார், அக்காவைப் பார்த்தார், இன்னொரு முறை சாக்கை முகர்ந்தார். "போங்க. கஞ்சாவா இருந்தா இந்தம்மா இவ்வளவு தெளிவாப் பேசாது."

வேன் கிளம்பியதும் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய்ய ஒரு ஆளுகிட்ட சொல்லிட்டு நிறுத்த முடியாது. போற வழி பூராவும் சொல்லிக்கிட்டே போகணும். உனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல."

அந்த வாரமே மல்லிகாவிடம் சொல்லிவிடலாம் என்றார். நான்தான் கெஞ்சினேன். இன்னொரு அறுப்பு முடியட்டும் அக்கா, இப்பச் சொன்னா கொடியப் பிடுங்கிப் போட்டுடுவாங்க, முதலாளி நம்மள விட மாட்டாரு என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். அது அவர் செய்த தவறு. இறந்துவிட்டார் என்பதற்காக நான் அதை மறைக்க மாட்டேன். தன் கையில் நாலு வருடத்தில் முதல் முறையாக ஒரு நல்ல வாசனை வந்திருக்கிறது, அதை விட மனசில்லை என்று அவரே சொன்னார். ஆனால் அந்த மாதங்களிலும் அவர் படலுக்கு உள்ளே கால் வைக்கவில்லை.

அவர் ஊரில் அவரைச் 'சாராயக்காரி' என்றார்கள். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் உட்கார வந்தவர்கள் தள்ளிப் போனதை நானே ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பார்த்தேன். அதே மனிதர்களில் இரண்டு பேர் அதற்கு முந்தின வாரம் ஆலைக்கு வந்து, உறவினருக்குப் பரிசு கொடுக்க என்று பெட்டி வாங்கிப் போனவர்கள். எனக்குக் கொதித்தது. அக்கா மட்டும், "அவங்க ஒளிச்சுக் குடிக்கிறாங்க, நான் ஒளிக்காமக் காய்ச்சுறேன். எங்களுக்குள்ள அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மல்லிகா விசயத்துல நானும் ஒளிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

இரண்டாவது அறுப்பு அக்கா இறந்ததற்கு முந்தின வாரம் முடிந்தது. அடுத்த புதன்கிழமை மல்லிகாவுக்கு அவரே போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வருகிறேன், ஒரு விசயம் சொல்ல வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், "நீயும் வா. ஆனா வாயத் திறக்காத. நான் சொல்றேன், அவங்க திட்டுவாங்க, நாம நின்னு கேப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை காலை அவர் இல்லை.

சனிக்கிழமை அடக்கம். மல்லிகா மூன்று பஸ் மாறி வந்திருந்தார். கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்கு என்ன கொண்டுவருவது என்று தெரியாமல், தன் கொடிக்கால் வெற்றிலையில் ஒரு கவுளி கட்டி எடுத்து வந்திருந்தார். அதைக் குழி ஓரத்தில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வைக்கச் சொன்னேன். யாரும் தடுக்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார்.

"அக்கா என்ன சொல்ல இருந்தாங்கன்னு உனக்குத் தெரியும். நேத்து உன் மூஞ்சியிலயே பாத்தேன். சொல்லு."

மாயவரம் பஸ் வந்துவிடாதா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன். பிறகு சொன்னேன். மருந்து இல்லை, ஜின். முதலிலிருந்தே ஜின். பொய் என்னுடையது. உங்கள் நிபந்தனை தெரிந்ததால்தான் அக்கா ஒருநாளும் உள்ளே வரவில்லை. அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட வைத்தவனும் நான்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவங்க தூரம்னு நின்னது இல்லையா?"

"இல்லங்க."

"நான் அவங்கள எவ்வளவு கேலி பண்ணிருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் உள்ள வந்த."

"ஆமாங்க."

"வந்த அன்னிக்கே உன் வாயி நாறுச்சு. சின்ன வயசு, பொழைக்க வந்திருக்கான்னு விட்டேன். என் புருசனையும் அப்படித்தான் விட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"கொடிய வைக்கறதா பிடுங்கறதான்னு நான் யோசிச்சுச் சொல்றேன். என் வீட்டுக்காரர் போட்டோவப் பாத்துக்கிட்டுதான் யோசிக்கணும். சொல்ற வரைக்கும் நீ அக்கா நின்ன எடத்துல நில்லு."

இதை எழுதும்போது மூன்று வாரம் ஆகிறது. அவர் இன்னும் சொல்லவில்லை. முதலாளி தினமும் கேட்கிறார், அடுத்த அறுப்பு எப்போது என்று. தெரியாது என்கிறேன். பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாபநாசம் போகிறேன். படலுக்கு வெளியே, அக்காவின் காலடி பட்டுப் புல் தேய்ந்துபோன அந்த இடத்தில் நிற்கிறேன். முந்தின நாள் குடிப்பதில்லை. குடிக்காததால் உள்ளே போகலாம் என்றும் நினைக்கவில்லை. உள்ளே மல்லிகா வெற்றிலை கிள்ளிக்கொண்டிருக்கிறார். கூம்புக்கொடிக்கும் தண்ணீர் போகிறது. அவர் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்க்கிறார். பிறகு குனிந்துகொள்கிறார்.

ஸ்டெல்லா அக்காவுடையது என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. நிற்பதற்கு இந்த இடம்தான் இருக்கிறது.