பகலில் தூங்குகிறவளுக்கு ஒரு ரூம்

கன்னியம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசி மூன்று வாரமாகிறது.

எதிர் வீடு. காலையில் கேட்டைத் திறந்தால் முதலில் தெரிகிற முகம் அதுதான். வழக்கமாக, "யக்கா, தண்ணி வந்துச்சா?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பாள். இப்போது என்னைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து, இல்லாத குப்பையைப் பெருக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

காரணம்? பாதிக் காரணம் இந்தப் பத்தி. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கொஞ்ச நாள் முன்பு எங்கள் ஊர் நகராட்சியைப் பாராட்டி இங்கே எழுதியிருந்தேன். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் மின்சார ரயில் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம் — ஏற்கெனவே எதிர் வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை, ஊரோடும் எதற்கு? நகராட்சியைப் பாராட்டுகிற சந்தர்ப்பம் இந்த வேலையில் அபூர்வமாகத்தான் வரும். வந்ததும் நான் விடவில்லை.

விஷயம் இதுதான். தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எங்கள் ஊரில் ஏராளம். எல்லாம் இருபதை ஒட்டிய வயது. கான்ட்ராக்ட் வேலை, வாடகை ரூம். ஓனர் நினைத்தால் காலையில் சொல்லிவிட்டு மாலையில் பையைத் தெருவில் வைக்கலாம். வைக்கவும் வைக்கிறார்கள். இதற்காக நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களை ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது. வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றக் கூடாது. அப்படியும் ஒரு பிள்ளை தெருவுக்கு வந்துவிட்டால், நகராட்சியே தங்க இடம் தர வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமல் என்றார்கள்.

நல்ல விதிதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். உருகி உருகி எழுதினேன்.

அதைக் கன்னியம்மாவுக்கு அவள் மருமகன் வாசித்துக் காட்டிவிட்டான்.

கன்னியம்மாவுக்கு வீட்டுக்காரர் இல்லை. வீட்டின் பின்பக்கம் ஷீட் போட்ட மூன்று ரூம்கள். அந்த வாடகையில்தான் அவள் அடுப்பு எரிகிறது. கடைசி ரூமில் மோனிகா. வயது இருபது. கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை — எப்போதும் நைட் ஷிப்ட்தான். அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டு சூலூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறார். 'அம்மா வீட்டுக்குப் போகலாமே?' என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அங்க போனா, எப்ப கெளம்பறன்னுதான் மொதல்ல கேப்பாங்க ஆன்ட்டி" என்றாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை. அந்த ஷீட் ரூமை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கட்டுரை வந்த வாரம், கன்னியம்மா எங்கள் கேட்டில் வந்து நின்றாள்.

"யக்கா, நீதான எழுதுன? நாளைக்கு அது வாடக குடுக்கல, யாரையாவது இட்டாந்துச்சு, எது ஒண்ணுன்னாலும் போடின்னு சொல்ல முடியாதாமே? நோட்டீசு குடுக்கணுமாமே? நான் எங்க போய் நோட்டீசு எழுதுவேன்? பேஜாரு எனக்கு."

"மோனிகா நல்ல பொண்ணு கன்னியம்மா."

"நான் இன்னா கெட்ட பொண்ணுன்னா சொன்னேன்? நல்ல பொண்ணுதான். அதாங்காட்டியும் இப்பவே சொல்லிட்டேன், ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிடுன்னு. ஆடில வேற ஊடு கெடைக்காதுல்ல, பாவம்."

அந்தப் 'பாவம்' உண்மையான பாவம்தான். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். குடிவர ஆள் வந்தாலும் ஓனர் சாவி தர மாட்டார். ஆனி முடிய இன்னும் சில நாட்கள்தான். அதற்குள் ரூம் கிடைக்காவிட்டால், ஒரு மாதத்துக்கு மோனிகாவுக்கு வீடே இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சா? வேலையை விட்டுவிட்டு, 'எப்போது கிளம்புகிறாய்' என்று கேட்கிற வீட்டுக்கா?

எழுதியவள் நான். சும்மா இருக்க முடியுமா? அவளோடு வீடு தேடப் புறப்பட்டேன்.

நைட் ஷிப்ட் முடித்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, தூங்காமல் கிளம்புவாள் மோனிகா. நான் முழங்கால் வலியோடு பின்னால். கேட்டைத் தட்டினால் முன்பெல்லாம் சாதி கேட்பார்கள், சைவமா என்பார்கள். இப்போது எடுத்த எடுப்பில், "வயசு இன்னா?"

"இருபது."

"இருபதா? இருபத்தாறு ஆவட்டும். அப்பறம் வாம்மா."

ஒருவர் எங்களை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நகராட்சியை என்னைவிட அழகாகப் பாராட்டினார். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அவசியம் வேண்டிய சட்டம்ங்க" என்றார். ரூம்? "அது வேணாம்ங்க. நம்ம ஊட்ல வேணாம்." இன்னொரு வீட்டில், தொங்குகிற டு-லெட் போர்டில் 'ஃபேமிலி மட்டும்' என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை.

வயதைக் குறைத்துச் சொல்கிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான். கூட்டிச் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். "இருபத்தாறுன்னு சொல்லிடட்டுமா ஆன்ட்டி?" என்று நடு ரோட்டில் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் பதினேழு என்றுதான் சொல்லத் தோன்றும். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தோம்.

ரூம் கிடைக்கவில்லை. சரி, நகராட்சிக்கே போய்விடலாம் என்றேன். விதியில்தான் இருக்கிறதே… தங்க இடம் தர வேண்டும் என்று?

அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரி. நாற்காலி போடச் சொன்னார். விதி இன்னும் அமலுக்கு வரவில்லை, ஆனாலும் தங்குமிடம் தயாராகிவிட்டது, இந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே தரலாம் என்றார். கட்டில், ஃபேன், சுத்தமான பாத்ரூம், வாசலில் பெண் காவலாளி. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பார்த்தீர்களா, நான் எழுதியது வீண்போகவில்லை!

மோனிகாதான் கேட்டாள். "எப்ப சார் தொறப்பீங்க?"

"சாயங்காலம் ஏழு மணிக்கும்மா. காலைல எட்டு மணிக்குள்ள எல்லாரும் வெளிய போயிடணும். அப்பறம் பூட்டிடுவோம். இரவுத் தங்குமிடம்தானே?"

"எனக்கு நைட் ஷிப்ட் சார். காலைல வந்துதான் படுப்பேன்."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய் யாரையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"டே ஷிப்ட்டுக்கு மாத்திக்க முடியாதாம்மா?"

"கான்ட்ராக்ட் சார். மாத்திக் குடுங்கன்னு கேட்டா, நாளைலேந்து வராதன்னு சொல்லிடுவாங்க."

"நோட் பண்ணிக்கறேன்" என்றார். நிஜமாகவே நோட் பண்ணிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் ராத்திரியில் தூங்குகிறவர்கள். ஊரே ராத்திரியில்தான் தூங்கும் என்று நினைத்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க விளக்கெரிகிற தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்க, இது எப்படி ஒருவருக்கும் தோன்றவில்லை? எனக்கும்தான் தோன்றவில்லை. விதியைப் பத்தி பத்தியாகப் படித்துப் பாராட்டியவள் நான்.

அன்று மாலை டீ போட்டுக் கொடுத்துவிட்டு என் கணவரிடம் பேச்சை ஆரம்பித்தேன். எங்கள் மாடியில் ஒரு ரூம் இருக்கிறது. யாரும் நடக்காத டிரெட்மில்லும் பழைய தொட்டிலும்தான் அங்கே குடியிருக்கின்றன.

"மாடி ரூமை அந்தப் பொண்ணுக்குக் கொடுத்தா என்ன?"

பேப்பரை இறக்கினார். "என்ன வயசு?"

"இருபது."

"அப்புறம் காலி பண்ணச் சொல்ல முடியாதே?"

பேச்சை விட்டுவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டேன். சண்டை போடத் தெம்பில்லை என்று சொல்லலாம், அது பாதி உண்மை. மீதி உண்மை — முன்னதாக மாடி ரூமைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது அதே கேள்வி எனக்கும் வந்திருந்தது. வெட்கமாக இருந்தது. டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

மோனிகா எங்களை நம்பிக் காத்திருக்கவில்லை. அவள் தானாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். தோழி ஒருத்தியின் லேடீஸ் ஹாஸ்டலில், வார்டனுக்குத் தெரியாமல் ஓரிரு நாள். அப்புறம்? "பாக்கலாம் ஆன்ட்டி." ஆனி கடைசி நாள், வியாழக்கிழமை, காலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் கிளம்புவதாகத் திட்டம்.

ஆனால் வியாழக்கிழமை காலை அவளை மாற்ற வேண்டிய பெண் வேலைக்கு வரவில்லை. மாற்று ஆள் வரும்வரை மெஷினை விட்டு நகரக் கூடாது. நின்றாள். அடுத்த ஷிப்ட்டும் முடிந்து மதியத்துக்கு மேல் வந்தவள், ஒரு நிமிஷம் தலை சாய்க்கலாம் என்று படுத்திருக்கிறாள். அன்று இரவு அவளுக்கு வார லீவு. அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது வெள்ளிக்கிழமை. ஆடி ஒன்று.

நான் கேட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே கன்னியம்மா தலைக்குக் குளித்து, வாசற்படிக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மோனிகா வந்தாள். தோளில் பெரிய பை, கையில் பக்கெட்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"நீங்கதானம்மா காலி பண்ண சொன்னீங்க?"

"நேத்து போவ சொன்னேன். இன்னைக்கு இன்னா நாளு? ஆடி மொத நாளு, வெள்ளிக்கெழம. பொம்பளப் புள்ள பையத் தூக்கிக்கினு வாசப்படி தாண்டுனா, என் ஊட்டு லட்சுமி பின்னாலயே பூடுவா. உள்ள போ."

"நாளைக்குப் போவட்டாம்மா?"

"சனிக்கெழமையா? நல்லாருக்குதே."

"ஞாயித்துக்கெழம?"

"ஆடில எவனாவது ஊடு மாறுவானாடி? உனுக்கும் ஆவாது, எனுக்கும் ஆவாது. ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

சொல்லி முடித்தவள், வேப்பிலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஏதோ உறைத்திருக்கிறது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா… உன் சட்டம் என்னைக்கு வருது?"

"ஒண்ணாந்தேதி."

"ஆடிக்குள்ளயா?"

"ஆடிக்குள்ளதான்."

"ஆடில அனுப்புனா ஆத்தாளுக்கு ஆவாது. ஆவணில அனுப்புனா உன் நகராட்சிக்கு ஆவாது. நான் இன்னாதான் பண்றது?"

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். பூக்காரியும் சேர்ந்து சிரித்தாள். என்னோடு பேச்சு நின்றது அன்றைக்குத்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோபமெல்லாம் என்மேல்தான். மோனிகாவிடம், "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டபடியே அவள் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் தேதி வந்தது, போனது. விதி அமலுக்கு வந்துவிட்டது. இனி கன்னியம்மா நினைத்தால் நோட்டீஸ் கொடுக்கலாம், ஒரு மாதம் கழித்துக் காலி செய்யச் சொல்லலாம். மோனிகா இப்போது பஞ்சாங்கம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். "ஆவணில நோட்டீசு குடுத்தா பொரட்டாசி வந்துடும். பொரட்டாசிலயும் யாரும் ஊடு மாற மாட்டாங்கல்ல ஆன்ட்டி?" என்று கேட்கிறாள். இருபது வயதில் மற்றப் பிள்ளைகள் மாதங்களை எதற்காகவெல்லாம் எண்ணுகிறார்கள்…

நகராட்சி அதிகாரியிடம் போன் செய்து கேட்டேன். பகலில் தங்குமிடத்தைத் திறந்து வைக்கக் காவலாளி இல்லையாம். கோப்பு மேலே போயிருக்கிறதாம். மாடி ரூம் பற்றி வீட்டில் மறுபடி பேச வேண்டும். பேசுவேன். கொஞ்சம் தெம்பு வரட்டும்.

இந்த வாரம் ஒரு மாலை, கன்னியம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மோனிகாவைப் பார்க்கப் போனேன். ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ரூம் மூலையில் அந்தப் பை, அன்றைக்குத் தோளில் மாட்டியபோது இருந்தபடியே, ஜிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. மேலாக இருக்கிற ஒரு சுடிதாரை எடுக்கிறாள், போடுகிறாள், துவைக்கிறாள், காய்ந்ததும் மறுபடி பையிலேயே வைக்கிறாள். சுவரில் துணிக்கொடி காலியாகக் கிடக்கிறது.

"இன்னும் பிரிச்சு வைக்கலையா?"

"எதுக்கு ஆன்ட்டி, திரும்பவும் கட்டணும்ல?" என்றாள், தலை வாரிக்கொண்டே. குரலில் வருத்தம் கூட இல்லை.

விதி அமலுக்கு வந்துவிட்டதாக நகராட்சி சொல்கிறது. அந்தப் பெண் ஒருநாள் அந்தப் பையைக் காலி செய்து சுருட்டிப் பரண் மேல் போடட்டும் — அன்றைக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன்.