சம்பந்தி வீட்டுத் தெருவில் நின்ற கார்

சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கிறேன். வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் என் காரில் திடீரென்று எல்லாமே அணைந்துவிடும். திருநெல்வேலி ஷோரூமில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள், பிறகு ஃபியூஸை மாற்றினார்கள். அடுத்த முறை, "கம்ப்யூட்டர்ல ஒரு ஃபால்ட்டும் காட்டல சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் சர்வீஸ் அட்வைசர். அதை நம்பி, வளைகாப்பு முடிந்த மகளை அழைத்துவர அதே காரில் மனைவியோடு புளியங்குடி சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

உச்சி வெயிலில் கிளம்பினோம். சம்பந்தி வீட்டுத் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, கார் நின்றுவிட்டது. ஏசி இல்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. கதவுகளைத் திறந்து வைத்தும் மகளுக்கு வேர்த்துக் கொட்டி, கண் செருகியது. ஆனால், தாய்வீட்டுக்குக் கிளம்பிய கர்ப்பிணி பிள்ளை பெறாமல் புகுந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். என் மனைவி, "திரும்பிப் போகப்படாதே" என்று கையைப் பிசைந்தாள்.

அதற்குள் சம்பந்தியம்மாள் ஓடிவந்தார். "சாங்கியம் கெடக்கட்டும் மைனி. ஏட்டி, உள்ள வா மக்கா" என்று மகளைத் தாங்கிக் கூட்டிப்போய் ஃபேனுக்கடியில் படுக்கவைத்தார். மோர் குடித்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

கார் மறுபடி ஷோரூமுக்குப் போனது. மறுபடி, "சரியாயிட்டு சார்" என்றார் அதே அட்வைசர். நான் சாவியை வாங்கவில்லை. "நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காருதேன்" என்றேன். இப்போதெல்லாம் அப்படித்தான், ஓட்டிக் காட்டாமல் வண்டியை எடுப்பதில்லை.

அன்று மத்தியானம் அவர் ஓட்டும்போதே நடுரோட்டில் கார் நின்றது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் இறங்கினார். அதன் பிறகுதான் வயரிங்கையே பிரித்துப் பார்த்தார்கள்.