ஏழு புள்ளியும் ஒரு வரியும்

எங்கள் அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் அவள் நாற்காலியைப் பற்றித்தான் எழுத வேண்டும். வலது கைப்பிடி ஆடும். இருக்கையில் ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். அந்தப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தது நான்தான். அம்மா இன்று வரை எலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நாற்காலி இருப்பது பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில். வாசலில் 'மாணவர்களுக்கு இலவச சட்ட ஆலோசனை' என்று பலகை. உள்ளே மேசை, கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே அச்சடிக்கும் பிரிண்டர். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் வக்கீல் உட்காருவார். செவ்வாய்க்கிழமை ஒருவர், வியாழக்கிழமை ஒருவர், ரெண்டு பேரும் சம்பளம் வாங்காமல் வருபவர்கள். நான் அவர்களைச் செவ்வாய், வியாழன் என்றே கூப்பிடுவேன். "உங்க ஆபீஸ்ல கிரகங்கள்தாம்மா வேலை பார்க்குது" என்றால், "சனி வீட்டுல இருக்கே, அது போதாதா?" என்று என்னைப் பார்ப்பாள்.

சனி வீட்டில் இல்லை. பத்தாவதில் கணக்கில் கவிழ்ந்த பிறகு, என்னைத் தனியாக விட்டால் வீடு வீடாக இருக்காது என்று அம்மா கையோடு கூட்டி வந்துவிடுவாள். எனக்கு இடம் வெளி வராந்தா பெஞ்ச். உள்ளே யார் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் அந்த அறைச் சுவர் கூரையைத் தொடாது. அதற்கு நான் என்ன செய்ய? ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே எழுதுவதில் பாதி சம்பந்தப்பட்டவர்களே எனக்குச் சொன்னது. எழுதிக்கொள் என்றும் சொன்னார்கள். அம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் பெயராது. அப்பா தண்ணீர்க் குழாய் ரிப்பேர்காரர். "எந்தக் குழாயையும் திறந்துருவேன், உங்கம்மா வாயை மட்டும் திறக்க முடியாது" என்பார்.

அம்மா வக்கீல் இல்லை. வருகிற பிள்ளைகளிடம் படிவம் வாங்குவது, வக்கீல் சொல்வதைக் கடிதமாகத் தட்டச்சு செய்வது, இதுதான் வேலை. கடிதம் பிள்ளையின் பெயரில்தான் போகும். ஆனால் பெயர் எதையும் அம்மா தட்டச்சு செய்ய மாட்டாள். பெயர் வர வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி வைப்பாள். பிள்ளைகள் பேனாவால் நிரப்பிக்கொள்ள வேண்டும். நாளைக்குக் கம்ப்யூட்டரை யார் திறந்தாலும் யார் வீட்டுச் சண்டை என்று தெரியக் கூடாதாம். அப்புறம் கையெழுத்துக்கு முன்னால் முழுக் கடிதத்தையும் வாய்விட்டுப் படிக்க வைப்பாள். "புரியாத இடத்துல நிறுத்து. வெட்கப்படாதே. நானும் பல இடத்துல நிறுத்தியிருக்கணும், நிறுத்தல."

அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் ஒரு காலத்தில் கல்லூரி மாணவிதான். பத்தொன்பது வயதில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒரு பருவம் மட்டும் லீவு கேட்டாள். அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். போட்டாள் கையெழுத்தை. திரும்பி வந்து பார்த்தால் பதிவேட்டில் பெயரே இல்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் படிப்பை விட்டு விலகுகிறேன்' என்று அந்தத் தாளில் இருந்ததாம். "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார்கள். அதோடு முடிந்தது படிப்பு. தட்டச்சு கற்றுக்கொண்டு, கோர்ட்டில் பன்னிரண்டு வருஷம் மற்றவர்கள் சண்டையை அடித்துத் தள்ளினாள். இந்த அறைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பம் போட்டாள். அவளாகத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்த ஒரே நாற்காலி இதுதான்.

போன மாதம் அந்த நாற்காலிதான் ஆட்டம் கண்டது.

செவ்வாயன்று குதிரைவால் போட்ட ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, 'எதிர்த்தரப்பின் முழுப்பெயர்' என்று. அதை நிரப்பாமல் படிவம் வாங்கக் கூடாது. ஒரே சண்டையின் ரெண்டு பக்கமும் நம்மிடமே வந்து நின்றுவிடக் கூடாதே, அதற்குத்தான். குதிரைவால் அந்தக் கட்டத்தில் 'முன்னாள் உயிர்த்தோழி' என்று எழுதினாள். அவள் அழுத அழுகையில் அம்மாவுக்கு அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை.

வியாழனன்று சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருத்தி வந்தாள். அவள் அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள். அவளும் அந்தக் கட்டத்தில், 'தோழியாக இருந்தவள்' என்று எழுதினாள். அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பெயரைக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ரெண்டு பேரும் சேர்ந்து, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் பெட்டி ஒன்று செய்திருந்தார்கள். கடைசி வருஷ ப்ராஜெக்ட். பெட்டியைச் செய்தது குதிரைவால், அதற்குள் ஓடும் ப்ரோகிராமை எழுதியது சோடாபுட்டி. குதிரைவால் தன் பெயரை மட்டும் போட்டு ஒரு போட்டிக்கு அனுப்ப, சோடாபுட்டி ப்ரோகிராமையே அழித்துவிட்டாள். துறைக் குழு, "உங்கள் தரப்பை எழுத்தில் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமைக்குள் ஒரு முடிவுக்கு வராவிட்டால் ரெண்டு பேருக்கும் மதிப்பெண் கிடையாது" என்றது. அதாவது ஒரு வருஷம் போச்சு.

குழுவுக்குத்தான் தெரியுமே என்று ரெண்டு கடிதத்திலும் 'எங்கள் ப்ராஜெக்ட்' என்று மட்டும்தான் இருந்தது, அதனால் அம்மாவுக்குப் பொறி தட்டவில்லை. ரெண்டும் குழுவுக்குப் போனது. குழு ஒருத்தி கடிதத்தின் நகலை மற்றவளுக்குக் கொடுத்தது. மறு புதன்கிழமை சோடாபுட்டி புயல் மாதிரி வந்தாள்.

"ஆன்ட்டி, இந்த அநியாயத்தைப் பாருங்க! ப்ராஜெக்ட்டைத்தான் அமுக்கினான்னு பார்த்தா, லெட்டரையும் காப்பியடிச்சிருக்கா!"

"என்னம்மா சொல்றே?"

"கடைசி வரியைப் பாருங்க. 'இதை யார் மேலும் கோபம் கொண்டு நான் எழுதவில்லை.' என் லெட்டர்லயும் இதே வரி, இதே இடத்துல! இதை வச்சே நான் புகார் கொடுக்கப் போறேன். அவளை வெளியே அனுப்பாம விட மாட்டேன்."

பெஞ்சில் இருந்த நானே எழுந்துவிட்டேன். ஏனென்றால் அந்த வரி எனக்கு நெருங்கிய சொந்தம். தலைமையாசிரியை மேசைக்குள் நான் தவளை விட்டபோது அம்மா எழுதிய மன்னிப்புக் கடிதம் அதில்தான் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்துவது பற்றி எழுதியதும் அப்படியே. எந்தக் கிரகமும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கோர்ட்டில் பன்னிரண்டு வருஷம் கோபத்தை மட்டுமே தட்டச்சு செய்த கை, தானாகச் சேர்த்துக்கொள்கிற வரி அது.

உள்ளே தாள் புரளும் சத்தம். கடிதத்தில் பேனாவால் எழுதிய பெயருக்கு அடியில் அந்த ஏழு புள்ளியை அம்மா எண்ணியிருப்பாள்.

"புகாரை நாளைக்குக் கொடு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இங்க வா" என்றாள் கடைசியில்.

"எதுக்கு ஆன்ட்டி?"

"எனக்காக வா."

அவள் போனதும் அம்மா பெரிய வக்கீலம்மாவுக்குப் போன் செய்தாள். இந்த அறைக்கே அவர்தான் பொறுப்பு. அம்மா சுற்றி வளைக்கவில்லை. "தப்பு நடந்துபோச்சு மேடம். நான்தான் பண்ணினேன்" என்று ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்து தன் குடை, தைலம், சீப்பு மூன்றையும் பைக்குள் போட்டாள்.

"வேலையை விட்டுத் தூக்கிருவாங்களாம்மா?"

"தெரியல."

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல? யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தப் புள்ளை செய்யாத தப்புக்கு வெளியே போகும்டி."

அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை. அப்பாவும் நானும் அந்தப் பெட்டி வைத்துப் பார்க்காமலே கண்டுபிடித்தோம். தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்தோம்.

மறுநாள் பெரிய வக்கீலம்மா முன்னதாகவே வந்துவிட்டார். குச்சி மாதிரி ஆள், குரல் மட்டும் மணி மாதிரி. "இனிமே நாம ரெண்டு பேருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது. யார் என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை வெளியே வரக் கூடாது. அந்த வரி யாரோடதுன்னு மட்டும் சொல்லலாம். யார் சொல்றது?"

"நான்தான் மேடம்."

"சரி. உங்க நாற்காலியைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அம்மா குதிரைவாலையும் கூப்பிட்டிருந்தாள். பத்து மணிக்கு ரெண்டு பேரும் வந்தார்கள். என் பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி, நடுவில் நான். ஜோக் ஒன்று வாய் வரை வந்தது. அடக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

பெரிய வக்கீலம்மா ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். அம்மா நின்றுகொண்டே பேசினாள். நாற்காலியைத் தொடவில்லை.

"அந்தக் கடைசி வரியை யாரும் யாரைப் பார்த்தும் எழுதல. அது என்னோடது. ரெண்டு லெட்டரும் நான் அடிச்சது. உங்க ரெண்டு பேர்கிட்டயும் எதிர்த்தரப்புப் பேரைக் கேட்டிருக்கணும். கேட்கல. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அப்போ கோபம் இல்லேன்னு அவ எழுதலையா?" என்றாள் சோடாபுட்டி.

"இல்லம்மா. நான் எழுதினது."

குதிரைவால் மெதுவாகக் கேட்டாள். "ஆனா ஆன்ட்டி, நீங்க வாய்விட்டுப் படிக்கச் சொன்னீங்க. அந்த வரியையும் படிச்சேன். வேணாம்னா எடுக்கச் சொல்லியிருப்பேன். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."



"நானும் படிச்சேன்" என்றாள் சோடாபுட்டி. பிறகு, "ப்ரோகிராமோட பழைய காப்பி ஒண்ணு இருக்கு. முழுசா அழிக்கல" என்றாள்.

"பிசாசே, அதை முன்னாடியே சொல்லித் தொலையறதுக்கென்ன?"

"நீ கேட்டியா? போட்டிக்கு அனுப்பறப்ப என்னைக் கேட்டியா?"

திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். உடனே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் நினைக்காதீர்கள். திங்கட்கிழமை ரெண்டு பெயரையும் போட்டுப் பெட்டியைக் கொடுத்தார்கள், போட்டிக்காரர்களுக்கும் எழுதிப் பெயரைச் சேர்த்தார்கள். இன்னும் கேன்டீனில் தனித்தனி மேசைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்து மேசை.

பெரிய வக்கீலம்மா அம்மாவைப் பார்த்தார். தரையில் இருந்த பையையும் பார்த்தார். "குடையை எடுத்து உள்ளே வைங்க. தப்பை மறைக்கிற ஆளை என்னால இங்க உட்கார வைக்க முடியாது. தப்பைப் போன் பண்ணிச் சொல்ற ஆளுக்கு நான் எங்க போறது? ஆனா ஒரு அறிவிப்பு ஒட்டணும். நீங்களே அடிங்க."

அம்மா அடித்தாள். 'எதிர்த்தரப்பின் முழுப்பெயர் இல்லாத படிவம் ஏற்கப்படாது.' அதை நாற்காலிக்கு மேலே ஒட்டினாள். அடியில் நான் பென்சிலால், 'இதை யார் மேலும் கோபம் கொண்டு ஒட்டவில்லை' என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தாள். காதைத் திருகினாள், ஆனால் அழிக்கவில்லை. நானும் பஞ்சைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டேன். ரெக்சினில் டேப் ஒட்டியதும் எலிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒரு பையன் வந்தான். விடுதி அறையில் கூட இருப்பவனோடு ஏதோ தகராறு. பாதிப் படிவத்திலேயே கண் கலங்கிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அம்மா எழுந்தாள். இந்தக் கையால் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள், அந்தக் கையால் படிவத்தையும் நகர்த்தினாள்.

"அழுப்பா, நல்லா அழு. அவசரமே இல்ல. முழுப்பேரை மட்டும் எழுதிட்டு அழு."