பாதி மறைந்த அம்மா

என் மாமா கேமராவைக்கூட எங்களிடம் தொடக் கொடுப்பார். அதன் முன்னால் மாட்டும் பில்டர்களை மட்டும் தரமாட்டார். பினாங்கின் ஈரக்காற்றுக்குக் கண்ணாடியிலும் பூஞ்சை பூக்கும் என்பதால், அவற்றை இறுக மூடிய பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். முதலில் ரப்பர் குமிழால் காற்றடித்துத் தூசியை விரட்டவேண்டும்; அதன்பிறகுதான் துணி. விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. எங்கள் வீட்டில் சாமி படங்களைக்கூட அவ்வளவு பயபக்தியோடு துடைத்ததில்லை.

ஒருநாள் அம்மா தன் தம்பியான அவரை ஆயர் ஈத்தாமிலிருந்த எங்கள் வீட்டுக்கு அவசரமாக வரச்சொன்னாள். அண்ணனின் படத்தில் பூஞ்சை இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் பிறந்து, குப்புற விழும் முன்பே காய்ச்சலில் போய்விட்ட அண்ணன். அவனுக்கென்று இருந்தது அந்த ஒரே படம். பூஞ்சை அவன் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை நெருங்கிவிட்டது.

"பிரேம கழட்டிரலாமாடா?"

"கழட்டாதக்கா. படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, இழுத்தா மொகம் கிழிஞ்சிரும். கண்ணாடிக்கு மேலயே படம் எடுத்துருவோம் லா."

மாமா போலரைசர் என்ற பில்டரை மாட்டினார். கண்ணாடியில் விழும் பிம்பத்தை அது அகற்றிவிடுமாம். கேமராவைச் சாய்வாக வைத்தால்தான் வேலை செய்யுமாம். படத்தை மேசையில் கிடத்தினார். அம்மா எதிரே உட்கார்ந்து சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தள்ளிக்கோயேன். ஒன் மொகம்தான் பெருசா தெரியுது."

"நான் விடமாட்டேன். அதுக்குத்தானே ஒன் மாயக் கண்ணாடி?"

மாமாவின் ஒரு கையில் சன்னல் திரை, மறுகையில் கேமராவின் ரிமோட். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த பில்டர் வளையத்த மெதுவா சுத்து. அம்மா மறைஞ்சதும் சொல்லு."

கேமராவுக்குள் பார்த்தபடி சுற்றினேன். அம்மாவின் முகம் கரைந்து, அடியிலிருந்து அண்ணன் தெளிவாக எழுந்துவந்தான். இன்னும் சுற்றினேன், அம்மா திரும்பிவிட்டாள். தலையைத் தூக்கிப் பார்த்தால் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு எங்கேதான் போய்வருகிறாள்? இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில், அம்மா அண்ணனின் நெற்றியில் கன்னம் வைத்திருப்பதுபோல் இருவருமே தெரிந்தார்கள். அங்கே நிறுத்தினேன்.

"மறைஞ்சிட்டாளா?"

"பாதி."

"பாதியா? என்னா, டுரியான் பழத்தையா பங்கு போடறோம்?" என்றார் மாமா. அதற்குள் ரிமோட்டை அழுத்தியிருந்தார். அப்புறம் அவரே வளையத்தைச் சரிசெய்து, பிம்பமே இல்லாமல் இன்னொன்று எடுத்தார். இரண்டையும் அம்மாவிடம் காட்டினார்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "இது," என்று முதலாவதைத் தொட்டாள்.

"அது கெட்டுப்போனதுக்கா. ஒன் மொகம் விழுந்திருக்கு."

"இருக்கட்டும். இதையே பெருசா போட்டுக் குடு."

இப்போது எனக்கு ஒரு கைக்குழந்தை. அவன் தும்மினாலும் பயம், தும்மாவிட்டாலும் பயம். கைப்பேசி முழுக்க அவன் படங்கள். ஒன்றில்கூட நான் இல்லை, எடுப்பவள் நானாயிற்றே. போன வாரம் அம்மாவிடம், அண்ணனை அந்த ஒரு படம் எடுத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான்," என்றாள்.

மாமா படமெடுத்த அன்று, நல்ல படம் எது என்று பார்க்கக்கூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று மாமாவின் காதில் சொன்னேன். அவர் பில்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் தூசி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.