படிக்காமலே நான் பேசிய ஸ்பானிய நாவல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நெய்வேலி நகரியத்தில் நடந்தது இது. எங்கள் பிளாக்கில் ஒரு சின்ன வாசகர் வட்டம் உண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம்.

என் கணவருக்கு மைன்ஸில் வேலை. திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நான் தபால் வழியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்திருந்தேன். ஐரோப்பியச் செவ்விலக்கியம் என்று ஒரு தாள். இந்த வயதில் ஸ்பானிய நாவல், பிரெஞ்சு நாடகம் எல்லாம் படிக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்றே சொல்ல வேண்டும். வட்டத்தில் என்னைப் பேசச் சொன்னதும், பாடத்தில் இருந்த ஒரு பழைய ஸ்பானிய நாவலை எடுத்துக்கொண்டேன். அதன் பெயரைச் சொல்ல இன்றும் எனக்குக் கூசுகிறது.

உண்மை என்னவென்றால், அந்த நாவலை நான் படித்திருக்கவில்லை. கைடில் இருந்த மூன்று பக்கக் கதைச்சுருக்கத்தைத்தான் படித்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். வீட்டை விட்டு ஓடிப்போன மகள் கடைசியில் திரும்பி வர, அப்பா அவளை மன்னித்து ஏற்றுக்கொள்கிறார், மன்னிப்புதான் நாவலின் சாரம் என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். நகரியத்தின் பூங்காக்களில் கான்ட்ராக்டில் தோட்ட வேலை பார்ப்பவர். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். அவர் கையில் அதே நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தது. கூட்ட அறிவிப்பைப் பார்த்து நூலகத்தில் எடுத்தது. பக்கங்களுக்கு நடுவே காலண்டர் தாளைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார்.

"மேடம், அந்தப் பெரியவரு மன்னிக்கலைங்களே. அவருக்குத்தான் கண்ணு போயிடுதே. பொண்ணுன்னு தெரியாமலே வூட்டு வேலைக்குச் சேத்துக்கறாரு. அவளும் கடைசி வரைக்கும் சொல்லாம வேல செஞ்சிக்கினு இருக்கா. அதப் படிக்கறப்பதான் எனக்குத் தாங்கல."

'நான் முழுசாகப் படிக்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். யாரும் அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் நான் சிரித்துக்கொண்டே, "நீங்க படிச்சது தமிழ் மொழிபெயர்ப்பு. அதுல இஷ்டத்துக்கு மாத்தியிருப்பாங்க. ஒரிஜினல்ல அப்படி இல்ல" என்றேன்.

ஒரிஜினல் என்றேனே, எனக்கு ஸ்பானிய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்தப் பெண், "அப்படிங்களா? சரிங்க" என்று உட்கார்ந்தார். காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்விட்டேன்.

பரீட்சை நெருங்கியபோதுதான் நாவலை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தேன். கணவர் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கடைசி அத்தியாயங்களுக்கு வந்தேன். பெரியவருக்குக் கண் தெரியவில்லை. வந்தவள் மகள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண் சொன்னது அப்படியே இருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெண் வட்டத்துக்கு வரவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். வேலிச்செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, நான் அன்றைக்கு நாவலைப் படிக்கவே இல்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "படிக்காமயாங்க அவ்ளோ நேரம் பேசனீங்க?"

அதில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"நான் அந்தப் புக்குதான் தப்பு போலன்னு மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேங்க. எம் பொண்ணுக்குத் தெனம் கொஞ்சம் கொஞ்சமா அந்தக் கதையச் சொல்லிக்கினு வந்தேன். அம்மா சொன்னது சரியில்லடி, அதுல தப்பா போட்டுட்டாங்கன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன்."

மன்னிச்சிருங்க என்றேன். "அதனால என்னங்க, பரவால்ல" என்று மறுபடி செடிப்பக்கம் திரும்பிக்கொண்டார். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார், வேலையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணால் அதற்கு மேல் நின்று பேசவும் முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். கைடைப் படித்துவிட்டுப் பேசியதை, நாவலை உண்மையில் படித்திருந்தவரின் வாயை அடைத்ததை, எதையும் மறைக்கவில்லை. அவர் அன்றைக்கு வரவில்லை. இரண்டு கூட்டம் கழித்து, நான் மறுபடி போய்க் கூப்பிட்ட பிறகு, மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். இப்போது தவறாமல் வருகிறார். எங்களில் அவர் அளவுக்கு ஊன்றிப் படிப்பவர் யாரும் இல்லை.

ஆனால் இப்போதெல்லாம் எதைச் சொல்வதற்கு முன்னாலும், "தமிழ்ல இப்படித்தாங்க போட்டிருக்குது, சரியான்னு தெரியல" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார். அப்படித் தயங்கப் பழக்கிவிட்டவள் நான்தான் என்பதால், ஒவ்வொரு முறை அந்த வரி காதில் விழும்போதும் என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை.