இரும்பு தின்ற மரம்

பிரான்சில் எங்கள் வோஜ் மலைக்காட்டு மரத்தை எந்த அறுவை மில்காரனும் மனமார வாங்கமாட்டான். இரண்டு உலகப் போர்களின் குண்டுச் சிதறல்களும் அதற்குள் கிடக்கின்றன. சண்டை போட்டவன் செத்து மண்ணாகிவிட்டான். மரம் இரும்பை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வளர்ந்து நிற்கிறது.

என் பக்கத்து வீட்டு அன்செல்ம் அந்த மரத்தை மலிவாக வாங்கி அறுத்துப் பிழைத்தவர். இரும்பு தேடும் கருவியைப் பலகைமேல் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை; இழைப்பு இயந்திரத்தில் பலகையைக் கொடுப்பது மகன் ரெஜிஸின் வேலை. போன இலையுதிர் காலத்தில் ஓர் ஓக் பலகைக்குள் கிடந்த குண்டுச் சில்லில் மோதி இயந்திரத்தின் கத்தி உடைந்தது. தெறித்த துண்டு ரெஜிஸின் கழுத்தில் பாய்ந்தது. ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடவுளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்காகத்தான் அவன் அந்தப் பலகைகளை அறுத்து வைத்திருந்தான். மனைவி சோலாஞ்ஜ் அந்த மேசையே வேண்டும் என்றாள். அவன் கை பட்ட கடைசி மரம், பிள்ளைகள் அதில்தான் சாப்பிட வேண்டுமாம். புருஷனைக் கொன்ற கட்டையில் சூப்பா என்று ஊரில் சிலர் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள்.

அன்செல்ம் இழைப்பு இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. பலகையின் இருபுறமும் ஒரே உயரத்தில் சட்டங்களை அடித்தார். அவற்றின்மேல் குறுக்கே நகரும் ஒரு தட்டு செய்து, அதில் சின்னச் சுழல்கத்தி வைத்த ரூட்டர் என்ற கைக்கருவியைப் பொருத்தினார். தட்டை அப்படியும் இப்படியும் தள்ளத் தள்ள, ரூட்டர் மேட்டை மட்டும் காகிதக் கனத்துக்குச் சீவியது. இரும்பில் இடித்தால் ஒரு சின்னக் கத்திமுனை போகும், ஆள் போகமாட்டான். இந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்கக் கூடாதா என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மற்ற பலகைகள் மேடுபள்ளமில்லாமல் வந்தன. கடைசியில், ரெஜிஸைக் கொன்ற அந்தப் பலகை. சில்லைப் பிடுங்கி எறிந்தார். கத்தி கடித்த பள்ளம் மறையும்வரை சீவினார். அதற்குப் பிறகும் மனிதர் நிறுத்தவில்லை. ரூட்டரை இறக்கி இறக்கிச் சீவிக்கொண்டே இருந்தார். போதுமய்யா என்று நான் கத்தியது காதில் ஏறவில்லை. பலகை விரல் கனத்துக்கு வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சோலாஞ்ஜை அழைத்துவந்தேன்.

அவள் நேரே போய் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"விடுங்க மாமா. இதுக்கு மேல சீவினா எனக்கு மேசையே இருக்காது."

"உள்ள இன்னொண்ணு இருந்தா?"

"அதான் கருவிய வச்சுப் பாத்துட்டீங்கல்ல. உள்ள ஒண்ணும் இல்ல மாமா."

அன்செல்ம் மரத்தூள் அப்பிய முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"அவன்கிட்டயும் நான் அப்படித்தாம்மா சொன்னேன்."